புங்கமரத்துக் கலயம்

ஊரில் பாதிப் பேருக்கு நசுருல்லாவின் முகம் தெரியாது. போன் நம்பர் தெரியும். வீட்டில் ஒரு சாவு விழுந்து, காரியத்துக்கு நாள் குறித்துவிட்டால், பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பேசுகிற கையோடு அவருக்கும் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கருமாதி, காலையில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும் என்பார்கள். எத்தனை பேர் வருவீர்கள் என்று அவர் கேட்டுக்கொள்வார். பெரிய கூட்டமென்றால் முதல் நாளே தொட்டியில் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும்.

சரபங்கா ஆற்றங்கரையில், எடப்பாடிக்கும் சங்ககிரிக்கும் நடுவே இருக்கிற சின்ன நகராட்சி ஊர் அது. பெயர் வேண்டாம். சொன்னால் அங்கே பெண் கொடுக்கிறவர்கள் யோசிப்பார்கள். சேர்வராயன் மலையில் மழை பிடித்தால் ஆற்றில் சில நாள் செந்தண்ணீர் வரும். மற்ற நாளெல்லாம் கருவேலமும் மணல் அள்ளிய பள்ளமும்தான். ஆனால் ஊருக்குக் கீழே, மயானத்தை ஒட்டி, ஓர் இடத்தில் மட்டும் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும். அது ஊர்ச் சாக்கடை. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் புகுந்து தெளிந்து வெளியே வருகிற சாக்கடை. அங்கேதான் அஸ்தி கரைக்கிறார்கள், தலை முழுகுகிறார்கள், காக்காய்க்குச் சோறு வைக்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் காரியம் கெட்டுவிடும் அல்லவா? அதனால் நசுருல்லாவிடம் பேசும்போதும் ‘தண்ணி உடுங்க பாய்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், ஏதோ மேட்டூர் அணையே அவர் கையில் இருப்பதுபோல.

நசுருல்லா சங்ககிரிக்காரர். மீசை அரும்பும் முன்பே ரிக் வண்டியில் ஏறிவிட்டார். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று அலைந்து, மொழி தெரியாத ஊர்களில் பூமியைத் துளைத்துத் தண்ணீர் காட்டினார். கம்ப்ரஸர் சத்தத்தில் இடது காது போனது. காது கேட்காத ஆளை ரிக்கில் வைத்துக்கொள்ள முதலாளிக்குப் பயம். வீட்டோடு கிடந்தவரை, நிலையத்தைக் கான்ட்ராக்ட் எடுத்த ஆள் கூப்பிட்டு, மோட்டார் ஓட்டத் தெரிந்தால் போதும் என்று வேலை கொடுத்தார். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர், வாழ்நாளெல்லாம் யாரும் தொடாத தண்ணீரைத் தேடிப் போய்விட்டு, கடைசியில் எல்லோரும் தொட்டுவிட்ட தண்ணீரிடம் வந்து சேர்ந்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

அங்கே அவருக்கு முன்பே இருந்தவன் வளவன். ஐடிஐ முடித்தவன், முப்பது வயது ஆகவில்லை. பெண் பார்க்கப் போகிற வீடுகளில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவான். அதற்குப் பிறகு உள்ளே இருந்து காபி வராது. அவன் அதைச் சிரித்துக்கொண்டே நசுருல்லாவிடம் வந்து சொல்வான். கவலைப்பட்டதெல்லாம் அவன் அம்மா அத்தாயிதான்.

நிலையத்தின் உயிர் ஒரு பெரிய தொட்டியில் இருந்தது. அதன் அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதற்குள் ஊர் அழுக்கைத் தின்று பிழைக்கும். வேலை செய்கிறவர்கள் அதைப் பூச்சி என்பார்கள். பூச்சி நன்றாக இருந்தால் தொட்டியில் நாற்றம் அடிக்காது, மழை பெய்த மண்ணின் வாசம் வரும். பூச்சி சோர்ந்தால் வளவன் வீட்டிலிருந்து சாணியும் நாட்டுச்சர்க்கரையும் கொண்டுவந்து கரைத்து ஊற்றுவான். தண்ணீர் ஆற்றில் விழுகிற இடத்தில் ஒரு குட்டை உண்டாகி, எங்கிருந்தோ மீன் குஞ்சுகள் வந்து சேர்ந்திருந்தன. வேலை முடிந்து போகும்போது அதில் ஒரு கை பொரி போடுவான். பொரி விழுந்த இடத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் எழும். லேப் ரிப்போர்ட் வர நாளாகும், இது கையோடு வருகிற ரிப்போர்ட் என்பான்.

நசுருல்லாவுக்கு இரவு வேலை, வளவனுக்குப் பகல். ஆள் மாறும்போது அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். வண்டல் அடியில் தங்கி மேலே தெளிந்துவிட்டால், போகிறவர் வருகிறவரிடம் ‘தண்ணி நல்லாருக்குது’ என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பொறுப்பு கை மாறும். தினமும் விடிகாலையில் நசுருல்லா அதைச் சொல்வார். தினமும் வளவன் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே ஒரே கேள்வியைக் கேட்பான்.

“ஒளு எடுக்கற அளவுக்கா பாய்?”

நசுருல்லா ஒளுவுக்கு, அதாவது தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் கழுவுவதற்கென்று, வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவருவார். இவ்வளவு தண்ணீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுகிற ஆள் கேனைத் தூக்கிக்கொண்டு வருவது வளவனுக்கு வேடிக்கை. நசுருல்லா டீ குடிக்கலாம் வா என்று பேச்சை மாற்றிவிடுவார். சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: நிறம், மணம், சுவை மூன்றும் மாறாத தண்ணீர் சுத்தமானது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அழுக்கின் அடையாளம் மூன்றும் போய்விட்டால் எடுக்கலாம் என்றுதான் அவரும் சொன்னார். புத்தி அதை ஏற்றுக்கொண்டது. கைதான் ஏற்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

தை மாதத்தில் ஒரு காலை, ஜாடி தெளிந்து நின்றது, ஆனால் அதைக் கேட்டுக்கொள்ள வளவன் வரவில்லை. சங்ககிரி பைபாஸில் விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் அவன் பைக் போய்ச் செருகியிருந்தது.

அவனை எரித்த அன்றே தொட்டியில் நுரை கட்டியது. மறுநாள் அந்த நுரை ஆளுயரத்துக்கு எழும்பி நடைபாதையில் வழிந்தது. வெள்ளை நுரை இல்லை. ரத்தம் கலந்த மாதிரி ஓர் அரக்குச் சிவப்பு. மண் வாசம் போய் அழுகல் நாற்றம் வந்தது. யாரோ சாயத்தண்ணீரைச் சாக்கடையில் விட்டிருக்கிறார்கள், பூச்சி மொத்தமும் செத்துவிட்டது. எலும்பு பொறுக்கிக் கலயத்தில் எடுத்துக்கொண்டு உறவுக்காரர்கள் ஆற்றுக்கு வந்தபோது, வளவனைக் கரைக்க இருந்த தண்ணீர் சிவப்பாக, நாறிக்கொண்டு, குட்டையில் வந்து விழுந்தது. மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

பவானிக்குப் போய்விடலாம், கூடுதுறையில் கரைத்தால் இன்னும் புண்ணியம் என்றார் வளவனின் சித்தப்பா அப்புசாமி. காரும் தயாராக நின்றது. அத்தாயி அசையவில்லை. அழுது ஓய்ந்த குரலில், யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“நாஞ் செத்தா நாஞ் சுத்தம் பண்ணுன தண்ணியிலயே உடும்மான்னு சொல்லியிருக்கறான். வெளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனா சொல்லியிருக்கறானுங்களே.”

கலயத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆற்றங்கரையில் விட்டால் நாய் உருட்டும். நிலையத்தின் மதிலுக்குள், ஆற்றைப் பார்த்தபடி ஒரு புங்கமரம் நின்றது. அவள் அதன் கிளையில் வெள்ளைத் துணியால் கலயத்தைக் கட்டினாள். பிறகு நசுருல்லாவிடம் வந்தாள்.

“தண்ணி நல்லானதும் சொல்லுங்க பாய். நீங்க சொன்னீங்கன்னா வாரேன்.”

ஆக, வளவன் கரைவதும் மரத்தில் தொங்குவதும் நசுருல்லாவின் ஒரு வார்த்தையில் வந்து நின்றது. பயப்படுகிற ஆள் அல்ல அவர். பேய், ஆவி என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார். ஆனால் ஒவ்வொரு விடியலிலும் இருட்டு கலைந்து முதலில் கண்ணுக்குத் தெரிவது அந்த வெள்ளைத் துணிதான். வளவன் இடத்துக்குக் கான்ட்ராக்டர் அனுப்பிய ஆட்கள் நுரையைப் பார்த்துவிட்டு, மரத்தையும் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். பகலிலும் இரவிலும் நசுருல்லாவே கிடந்தார். ஆள் மாறும் நேரம் வந்தால் கை தானாக ஜாடியை எடுத்தது. சேறு கலங்கியபடியே நிற்கும், தெளியாது. யாரிடம் சொல்வது? ஒரு நாள் தன்னையறியாமல் புங்கமரத்தடியில் போய் நின்று, இன்றைக்கும் தண்ணீர் சரியில்லை சாமி என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். மறுநாளும் சொன்னார்.

அப்போதுதான் அந்தக் கேள்வி கேட்க ஆரம்பித்தது. இடது காதில், கம்ப்ரஸர் தின்றுவிட்ட அந்தக் காதில். ஒளு எடுக்கற அளவுக்கா பாய்? சாவி சுழலும் சத்தம்கூடக் கேட்டது. வலது காதைப் பொத்திப் பார்த்தார், அப்போதும் கேட்டது. அந்தக் காதால் அவர் எதையும் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. வீட்டில் மனைவி மதீனா பீவியிடம் சொல்லவில்லை. சொன்னால் தாயத்துக் கட்டக் கூட்டிப் போவாள்.

சொல்லாததற்கு வேறு காரணமும் இருந்தது, அதுதான் பெரிய காரணம். நுரை பொங்கிய வாரத்தில் ஒரு மதியம் அவர் வீட்டுக்குப் போனபோது கொடியில் ஒரு புதுச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. மருமகன் கொடுத்தது என்றாள் மதீனா பீவி. மகள் ஷாஹிஸ்தாவைக் கட்டிய அப்ரார், சந்தைப்பேட்டைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சாயப்பட்டறை வைத்திருந்தான். எடப்பாடித் தறிகளுக்கு நூல் சாயம் போட்டுக் கொடுப்பான். புது நிறத்தில் வந்த ஆர்டராம், முதல் சேலையை மாமியாருக்குக் கொண்டுவந்திருக்கிறான். அரக்குச் சிவப்பு. நசுருல்லா சேலையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். தொட்டியில் பொங்கிய அதே நிறம். சாப்பிடாமல் திரும்பிவிட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. நகராட்சி இளநிலைப் பொறியாளர் சத்யபிரியா கெட்டிக்காரப் பெண். சாயம் எங்கிருந்து வருகிறது என்று தெருத் தெருவாகச் சாக்கடை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். கூட நசுருல்லாவும் போனார். சந்தைப்பேட்டைத் திருப்பத்தில் அவள் பின்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டபோது, அங்கே பட்டறை எதுவும் இல்லை என்று இவர் சொன்னார். அவள் நம்பி அடுத்த தெருவுக்குப் போனாள். அன்று இரவு முழுக்க அவருக்கு அந்தச் செவிட்டுக் காது ஓயவில்லை.

எத்தனை முறை தொட்டியைக் கழுவி, சேலம் நிலையத்திலிருந்து பூச்சி உள்ள புதுச் சேறு கொண்டுவந்து விதைத்தாலும், நாலு நாள் பிழைத்துவிட்டு மறுபடி சிவந்து செத்தது. மாசி போய்ப் பங்குனி வந்தது. காரியத்துக்குத் தண்ணீர் கேட்டு ஒரு போனும் வரவில்லை. ஊர்ச்சனம் பவானிக்குப் போக ஆரம்பித்திருந்தது. அத்தாயி மட்டும் தினமும் மாடு கறந்துவிட்டு வந்து மரத்தடியில் சற்று நேரம் நிற்பாள். கேள்வி கேட்க மாட்டாள். நசுருல்லாவின் முகத்தைப் பார்ப்பாள், போய்விடுவாள். அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வருவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புசாமி ஒரு நாள் தனியாக வந்து, இப்படியே விட்டால் அண்ணியையும் இதே ஆற்றங்கரைக்குத் தூக்கி வரவேண்டியிருக்கும், ஏதாவது செய்யுங்கள் பாய் என்று கையைப் பிடித்தார்.

நசுருல்லா ஒரு வேலை செய்தார். பம்பை நிறுத்தி, ஊர்த் தண்ணீர் உள்ளே வருவதைத் தடுத்தார். தேங்கியிருந்ததில் மூட்டை மூட்டையாகப் படிகாரம் கொட்டினார். சாயமெல்லாம் திரிந்து அடியில் இறங்கியது. மேலே நின்றதில் பிளீச்சிங் பவுடர் போட்டு, வெயிலில் விட்டு, அந்த நெடியும் போகக் காத்திருந்தார். கண்ணாடி மாதிரித் தண்ணீர். நிறம் இல்லை, மணம் இல்லை. இதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். அத்தாயிக்குப் போன் பண்ணி, தண்ணீர் நன்றாகிவிட்டது, வாங்க என்றார். ஆனால் அவர்கள் வர இருந்த காலையில் அதைக் குட்டைக்குத் திறந்துவிட்டபோது ஜாடி பிடிக்கவில்லை. மரத்தடிப் பக்கம் போகாமல் மோட்டார் அறையைச் சுற்றிக்கொண்டு போனார்.

உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். கலயத்தை இறக்கினார்கள். அப்புசாமி ஈரத்துணியோடு தண்ணீரில் இறங்கி நின்றார். ஆகட்டும் அண்ணி, கலயத்தைக் கொடுங்க என்றார். அத்தாயி கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் குனிந்தாள். முந்தானையில் முடிந்திருந்த பொரியை அவிழ்த்து ஒரு கை அள்ளிக் குட்டையில் போட்டாள்.

பொரி விழுந்தது. மிதந்தது. ஒன்றுகூட அசையவில்லை. தண்ணீர் அதை மெதுவாகத் தள்ளிக்கொண்டுபோய்க் கருவேல வேரில் ஒதுக்கியது. அத்தாயி அது ஒதுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நசுருல்லா மதிலோரமாக நின்றார்.

“இதுல உசுரு இல்லீங்க பாய்,” என்றாள். கோபமே இல்லை. கலயத்தோடு நிமிர்ந்து, “நீங்க சொன்னீங்கன்னுதானுங்க வந்தேன்” என்றாள்.

கலயம் திரும்பவும் மரத்துக்குப் போனது. அவளே முடிச்சுப் போட்டாள். அப்புசாமி உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். யாரும் நசுருல்லாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். எல்லோரும் போன பிறகு மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து அழுதார். செத்தவனையே ஏமாற்றப் பார்த்தோமே என்று அவருக்கு மானம் போயிற்று. அன்று இடது காதில் கேள்வி வரவில்லை. ஒரு சிரிப்புக்கூட வரவில்லை. அது கேள்வியைவிட மோசமாக இருந்தது.

எழுந்து நேரே அப்ராரின் பட்டறைக்குப் போனார். மருமகன் நல்ல பையன்தான், மரியாதை தெரிந்தவன். நாற்காலி போட்டான். அவன் கை இரண்டும் மணிக்கட்டுவரை சிவந்திருந்தன. தொட்டி வைத்துச் சுத்தம் பண்ணி விடுகிற அளவுக்கு வசதி இல்லை, எல்லாரும் இப்படித்தான் விடுகிறார்கள், ரெண்டு மாதத்தில் சரி பண்ணிவிடுகிறேன் என்றான். பிறகு, வஞ்சகமில்லாமல்தான், ஒன்று கேட்டான்.

“தண்ணிய சுத்தம் பண்றது உங்க வேலைதானுங்களே மாமா?”

நசுருல்லாவுக்கு அதற்கும் பதில் வரவில்லை. வாழ்க்கையில் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இரண்டாவதைச் சுமக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. வெளியே வந்து சத்யபிரியாவுக்குப் போன் பண்ணினார். அவள் வந்ததும் சந்தைப்பேட்டைக்குப் பின்னால் கூட்டிப்போய், குப்பை மூடிக் கிடந்த குழாயைக் காலால் தட்டிக் காட்டினார். குழாய்வாயில் அரக்குச் சிவப்பு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இது யாரு பட்டறைங்க பாய்?”

“என்ற மருமவன்துங்க மேடம்.”

அன்றைக்குத் திருப்பத்தில் சொன்ன பொய் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் போனை எடுத்து ஆட்களைத்தான் வரச் சொன்னாள். குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். பட்டறைக்கும் பூட்டு விழுந்தது. சாயங்காலம் ஷாஹிஸ்தா போன் பண்ணினாள்.

“செத்துப்போன ஆளுக்காவ, உசுரோட இருக்கற எங்க வயித்துல அடிச்சுட்டீங்களே அத்தா.”

அவள் அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. அப்ரார் வேறொருவர் பட்டறையில் கூலிக்குப் போகிறான் என்று மதீனா பீவி சொல்லித் தெரிந்தது. அந்தச் சேலையை அவள் மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டாள். செய்தது சரிதானா என்று நசுருல்லா இன்றைக்கும் உறுதியாகச் சொல்லமாட்டார். மகளின் நம்பர் போனில் வராதா என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சேலத்திலிருந்து மறுபடியும் சேறு வந்தது. அத்தாயி ஒரு காலை வந்து, அவன் இதற்கு என்ன போடுவான் என்று கேட்டாள். சொன்னார். மறுநாளிலிருந்து ஒரு கூடை சாணியும், கையில் ஒரு பொட்டலம் நாட்டுச்சர்க்கரையும் கொண்டுவந்தாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வாளியில் கரைத்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவாள். ஊற்றும்போது உதடு அசையும். என்ன சொல்கிறாள் என்று நசுருல்லாவுக்குக் கேட்காது. வலது பக்கம் நின்றாலும் கேட்காது, அவ்வளவு மெதுவாகச் சொல்வாள். சாப்பிடுறா சாமி என்கிற மாதிரி இருக்கும். உதடு அசைய ஆரம்பித்ததும் அவர் விலகிப் போய்விடுவார்.

இவர் ஒவ்வொரு விடியலிலும் மரத்தடிக்குப் போனார். சரியில்லை சாமி. இன்னும் இல்லை. கொஞ்சம் பரவாயில்லை. காற்றில் துணி ஆடும். கேள்வி திரும்பி வந்திருந்தது. இப்போது அதைக் கேட்டால் காதைப் பொத்தத் தோன்றவில்லை, அவன் இருக்கிறான் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அப்படி நிம்மதி வருகிறதே என்றுதான் பயம் வந்தது. தண்ணீர் தெளிந்தால் அவன் போய்விடுவான். தெளிய வேண்டும் என்று பாடுபடுகிறவரும் அவர்தான், ஜாடியில் வண்டல் சீக்கிரம் இறங்கிவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவரும் அவர்தான்.

சித்திரை வெயிலில் தொட்டி பழுப்பு நிறத்துக்கு வந்தது. வைகாசியில் ஒரு நாள், நடைபாதையில் போகும்போது மழை பெய்த மண் வாசம் அடித்தது. வானத்தைப் பார்த்தார், மேகமே இல்லை. ஜாடி தெளிந்தது. அவர் அவசரப்படவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டுக் கெட்டது போதும். குட்டையில் மீன் தேடிக் கொக்கு வந்து நிற்கும்வரை காத்திருந்தார். ஆனி கடைசியில் முதல் கொக்கு வந்தது. அன்று மரத்தடியில் நின்று “தண்ணி நல்லாருக்குது” என்றார். பிறகு அத்தாயிக்குப் போன் பண்ணினார். வாரேனுங்க என்றாள் அவள்.

ஆடி பிறந்ததும் காரியம் வைத்தார்கள். இந்தமுறை கூட்டம் குறைவு. மூன்றாவது தடவையும் கரைக்காமல் திரும்பப் பலருக்கு மனமில்லை. அத்தாயி குனிந்து பொரியை அள்ளினாள். போடாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு போட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. நசுருல்லா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் ஒரு சின்னச் சத்தம், உதட்டைக் கூட்டி முத்தம் கொடுக்கிற மாதிரி. கண்ணைத் திறந்தபோது ஒரு பொரி இருந்த இடத்தில் வட்டம் விரிந்துகொண்டிருந்தது. இன்னொன்று. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தண்ணீர் முழுக்கக் கொதித்தது.

அத்தாயி வாய்விட்டு அழுதாள், கலயத்தை மரத்தில் கட்டிய நாளிலிருந்து முதல் முறையாக. கலயத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. பெண்பிள்ளை இறங்கக் கூடாது என்று சொல்ல அப்புசாமி வாயெடுத்து, அப்படியே விட்டுவிட்டார். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, மகனை அவன் தண்ணீரில் விட்டாள். சாம்பல் கொஞ்ச தூரம் வெள்ளையாகப் போய், அப்புறம் தெரியாமல் போயிற்று. வைத்த சோற்றைக் காக்காய் உடனே எடுத்தது. போகும்போது அவள் நசுருல்லாவைக் கும்பிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் விடிகாலை. வெள்ளைத் துணி இல்லாத கிளை இருட்டிலிருந்து வெளியே வந்தது. முடிச்சு இறுகிய தடம் மட்டும் பட்டையில் இருந்தது. நசுருல்லா ஜாடி தெளிவதைப் பார்த்தார். வழக்கம் விடவில்லை, மரத்தடிக்குப் போய், தண்ணி நல்லாருக்குது என்றார். தலையைச் சாய்த்து இடது காதைக் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் சத்தம் வலது காதில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இடது காது வெறும் செவிட்டுக் காதாக இருந்தது. மாதக்கணக்கில் அவரைத் தூங்கவிடாத குரல் நின்றுவிட்டது. அதைத் தாங்க முடியாமல் அவர் அங்கேயே நின்றார்.

தூரத்தில் பாங்கு சொன்னார்கள். கேன் மோட்டார் அறை வாசலில் இருந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார். மதில் கதவைத் திறந்துகொண்டு, தண்ணீர் விழுகிற வாய்க்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்தார். நிறம் பார்த்தாயிற்று, மணம் பார்த்தாயிற்று. மூன்றாவதை நாக்குதான் சொல்ல வேண்டும். கையை நீட்டினார். கை தயங்கியது. ஊர் முழுக்கக் குளித்த, கழுவிய, கழித்த தண்ணீர். அத்தாயி சாணி கரைத்து ஊற்றிய தண்ணீர். நேற்று வளவன் போன தண்ணீர். இரண்டு கையாலும் ஏந்தினார். கை கழுவினார். பிறகு வாயில் எடுத்தார்.

கொப்பளித்துத் துப்பிவிட்டு, மரம் இருக்கிற பக்கம் திரும்பினார்.

“அந்த அளவுக்குத்தான் சாமி,” என்றார்.